காப்புக் கட்டிய கையோடு

போன மாதம் எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தண்டையில் ஒரு லாரி கவிழ்ந்தது. சத்தம் கேட்டு நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால் ஊரே கூடி நிற்கிறது. ஒருவர் சோடா உடைக்கச் சொல்கிறார். ஒருவர் அடிபட்டவனை உட்கார வை என்கிறார், இன்னொருவர் படுக்க வை என்கிறார். அவன் முகமெல்லாம் கண்ணாடித் தூள். ஒரு பெண் முந்தானையை வாய்க்காலில் நனைத்துக்கொண்டு அவன் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டேன்.

"கண்ணுகிட்டப் போகாதத்தா! தொடாத! ஒருத்தரும் தொடாதீக!"

நான் போட்ட சத்தத்தில் கூட்டம் ஒரு எட்டு பின்னால் போனது. "என்ன இவுக இந்தக் கத்துக் கத்துறாக?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். உள்ளூர்க்காரர்கள் கேட்கவில்லை. அவர்கள் என் வீட்டுக்காரியைப் பார்த்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

யுத்தத்துக்கு முந்தைய காலம் அது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அப்போது ஒரே மகள். நடை பழகி ஓடித் திரிகிற வயசில் அவளுக்கு அம்மை வார்த்தது. உடம்பில் ஊசி குத்த இடமில்லை. வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்காமல் கிடந்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் வருகிற சித்திரையில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். எழுந்து உட்கார்ந்தாள். அம்மன் கொடுத்த பிள்ளை என்றுதான் இன்றைக்கும் நாங்கள் சொல்வது.

சித்திரை வந்தது. கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கிளையாக விரிந்த மரம் அது, அதுதான் சாமி. திருவிழா வரைக்கும் முல்லையாற்றில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றுவோம். நானும் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சளில் நனைத்த நூலில் வேப்பிலை முடிந்து வலது கையில் கட்டுவது. கட்டிவிட்டால் ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. வேற்றூரில் இராத் தங்கக் கூடாது. சாவு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் மிதிக்கக் கூடாது. சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அவிழ்க்கலாம். இது எங்கள் வீட்டில் தலைமுறையாக இருக்கிற கட்டு.

ஒரு நாள் காலையில் தண்ணீர் ஊற்றக் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரி, அவளுடைய தம்பி. பிள்ளையை என் அக்காவிடம் விட்டிருந்தோம். ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது கம்பம் ஊர் ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய கார் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. ரயிலில் வருகிற முதலாளியை அழைத்துவரத் தேனிக்குப் போகிறது. டிரைவர் மலையாள எல்லைப் பக்கத்து ஆள், எனக்குப் பழக்கம்.

"சாமிக்குப் போறவங்க நடக்கணோ? கேறுங்க" என்று ஏறச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் தயங்கினேன். என் வீட்டுக்காரி அதுவரைக்கும் காரில் ஏறியதில்லை. "ஒரு தடவ ஏறித்தான் பாப்பமே" என்றாள். மச்சினன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நாங்கள் பின்னால். அவள் சாய்ந்தே உட்காரவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மரமெல்லாம் எதுக்க ஓடி வருதுங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "ஏக்கா, மூஞ்சிய உள்ள இழு, டிரைவரு பயந்துக்கிறப் போறாரு" என்று அவள் தம்பி கேலி செய்தான். வீரபாண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது வயலில் இருந்து ஒரு காளை கயிற்றை இழுத்துக்கொண்டு ரோட்டில் பாய்ந்தது. டிரைவர் ஒடித்தார். கார் புளியமரத்தில் போய் முட்டியது.

முன் கண்ணாடி பொடிப் பொடியாக வந்து விழுந்தது. எனக்குத் தோளில் அடி. மச்சினனுக்குத் தாடையில் கீறல். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. "கண்ணு, கண்ணு" என்றாள். வேறு வார்த்தை வரவில்லை.

டிரைவரைக் காணோம். "ஓடிட்டாண்டா! பிடிங்கடா!" என்று வயலில் நின்றவர்கள் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் வாழைத்தோப்புக்குள்ளிருந்து இரண்டு கையிலும் மட்டையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு அவர் வந்தார். "ஓடணும்னா ரோட்டு வழியா ஓட மாட்டேனா? என்டெ தெய்வமே, தண்ணிக்குப் போனேன்யா" என்று அழுதார். அந்தத் தோப்பு வாய்க்கால் தண்ணீரை அவள் குடிக்கவும் இல்லை, அது அவள் முகத்தில் படவும் இல்லை. அதற்குள் கோயிலுக்குப் போகிற கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது.

அந்தக் கூட்டத்தில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா இருந்தாள். யார் என்று எனக்குத் தெரியாது. தலையை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டே வந்தாள். "வழி விடுங்கப்பா, ஆத்தா வந்திருக்கா" என்று எல்லோரும் விலகினார்கள். எங்கள் கௌமாரி கண்ணுக்குப் பேர்போனவள். பார்வை போன பாண்டியனுக்கே பார்வை கொடுத்தவள் என்பார்கள். கண் நோவு வந்தால் அவளுக்கு ஆயிரங்கண் பானை எடுப்பார்கள்; துளை துளையாகப் போட்ட மண்பானையைத் தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றி வருவது. அவளுடைய எல்லையில், அவளுக்கு முன்னால், கண்ணில் அடிபட்டுக் கிடக்கிறாள் ஒருத்தி. வேறு எங்கே போவது என்றுதான் அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் அப்படித்தான்.

அந்த அம்மா வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கினாள். என் வீட்டுக்காரியின் கையை விலக்கி, நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"ஆத்தா, எரியுது ஆத்தா!"

"எரிஞ்சாத்தாண்டி எறங்கும். பொறுத்துக்க."

கூட்டம் குலவை போட்டது. நான் கைகூப்பி நின்றேன். மச்சினன்தான் உள்ளே புகுந்தான். "போதும் விடுங்க தாயி, உள்ள சில்லு கெடக்கு!" என்று கொத்தைப் பிடுங்கினான். "அவனுக்கு என்ன திமிரு பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரம் ஒரு பஸ் வந்தது. அவளைத் தூக்கி ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனோம். கார் மரத்தோடு நின்றது. டிரைவர் அதன் பக்கத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

தேனியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன், காப்புக் கட்டிய கை. அவர் அவள் கண்ணைத் திறந்து பார்த்தார், எதையும் தொடவில்லை. துணியை மடித்துப் பஞ்சு வைத்து இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்.

"அடிபட்டது எடது கண்ணுதானே, ரெண்டையும் எதுக்குக் கட்டுறீக?" என்று மச்சினன் கேட்டான்.

"ஒண்ணு உருண்டா இன்னொண்ணும் கூடவே உருளும்ப்பா. வலதுலயும் தூளு இருக்கு. இது நம்ம கையில இல்ல. மதியம் ரயிலு, மதுரைக்குக் கொண்டு போ. வழியில யாரு என்ன சொன்னாலும் கட்டை அவுக்காத."

ஸ்டேஷனில் பெஞ்சில் அவளை உட்கார வைத்தோம். கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நீக வரக் கூடாது" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"பிள்ளைக்கு நேந்த காப்பு அது. மதுரையில ராத் தங்கி, ஆஸ்பத்திரிக்குள்ள போயி... வேணாங்க. என் கண்ணு போனாப் போகுது. பிள்ள மேல ஆத்தா திரும்பிட்டா என்ன செய்வீக? தம்பி இருக்கான். நீக வீட்டுக்குப் போங்க."

"கண்ணு போனாப் போகுதுன்னா சொல்ற?"

"எம்மேல ஆணையா நீக வரக் கூடாது."

 அவள் சொன்னதில் தப்பு இல்லை. வைசூரியில் கிடந்த பிள்ளையின் முகம் எனக்கு முன்னால் வந்தது. இந்தப் பக்கம் இவள், கண்ணைக் கட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறாள். காப்பை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போகலாம் என்று விரல் முடிச்சுக்குப் போனது. அவிழ்க்க மனம் துணியவில்லை. "சரி, நான் போறேன். பயப்படாதத்தா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ரயில் வந்தது. அவர்கள் ஏறினார்கள். வண்டி அசைந்தபோது நானும் ஏறினேன். மச்சினன் வாயைத் திறந்தான். நான் விரலை உதட்டில் வைத்தேன். எதிர்ப் பலகையின் கோடியில் உட்கார்ந்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கி ஏறும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடித்தாள். நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் கை இருந்தது. தொடவில்லை.

மதுரை ஆஸ்பத்திரி வாசற்படிக்கு முன்னால் காப்பைத் தொட்டுக் கும்பிட்டேன். "தாயே, பிள்ளையைத் தொடாதே, என்னை என்ன வேணும்னாலும் செய்" என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன்.

டாக்டர் வயசானவர், கோபக்காரர். கட்டைப் பிரித்து வெளிச்சம் காட்டிப் பார்த்தார். வலது கண்ணில் மேலாகத்தான் கீறல், அது தேறும் என்றார். இடது கண்ணை வெகு நேரம் பார்த்தார்.

"யாரும்மா இதத் தேச்சது? மேலாக் கெடந்த சில்லு உள்ள ஏறியிருக்கு. யாரு தேச்சது?"

நானும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாந்தாங்கய்யா" என்றாள் அவள். "வலி தாங்க மாட்டாம நானே கசக்கிப்புட்டேன்."

டாக்டர் அவளை நன்றாகத் திட்டினார். அவள் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டாள். அம்மன் பேரைச் சொல்லிவிடக் கூடாது என்று அந்தத் திட்டை அவள் வாங்கிக்கொண்டது எனக்குப் புரிந்தது. கத்தி வைத்தார்கள். சில்லை எடுத்தாயிற்று, பார்வை எப்படியோ, கட்டுப் பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும், நடுவில் சிரிப்பும் வரும். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில்தான் நான் படுத்தேன். காலையில் குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு ஒரு செம்புத் தண்ணீரை அந்த மரத்தின் தூரில் ஊற்றிக் கும்பிடுவேன். வீரபாண்டிக் கம்பத்துக்கு என்னால் ஊற்ற முடியவில்லை, இதையே ஏற்றுக்கொள் தாயே என்று. வாசல் கூட்டுகிற அம்மா நின்று பார்த்துவிட்டு, "என்னய்யா, இத்தாம்பெரிய மரத்துக்குச் செம்புத் தண்ணி எந்த மூலைக்கு? ரெண்டு கொடம் ஊத்தும்" என்று சொல்லிப் போவாள்.

பார்க்க விடுகிற நேரத்தில் மச்சினனோடு உள்ளே போவேன். அவன் பேசுவான். நான் கட்டில் மூலையில் நிற்பேன். ஆரஞ்சுப் பழம் உரித்து அவன் கையில் கொடுப்பேன், அவன் அவள் கையில் கொடுப்பான். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரு கிறிஸ்தவ ஊர்ப் பெண். நான் வாயே திறக்காததைப் பார்த்து என்னைப் பிறவி ஊமை என்று முடிவு செய்துவிட்டாள். என்னைக் கண்டால் காதுக்குள் கத்துவாள், கையால் ஜாடை காட்டுவாள். ஒரு நாள் என் வீட்டுக்காரியிடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க்கா, ஒங்க கூட வந்திருக்காரே ஊமைக்காரரு, அவரு யாரு, சொந்தமா?"

நான் உரித்த பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சினன் மேற்கூரையைப் பார்த்தான். அவள் போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க ஊர்க்காரருதான்" என்றாள். "அவரு வாய் இருந்தே பேச மாட்டாரு. நல்ல மனுசன்."

"பாவம்" என்றாள் நர்ஸ்.

நர்ஸ் நகர்ந்ததும் என் வீட்டுக்காரி, "ஏன் தம்பி, ஊமைக்காரரு சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"ஒரு வேளதான் சாப்புடுறாருக்கா."

"ஒரு வேளைனாலும் வயிறாரச் சாப்புடச் சொல்லு."

தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. தெரிந்தால் போகச் சொல்லியிருப்பாளே என்று நினைத்துக்கொண்டேன்.

தீச்சட்டி எடுக்கிற செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டுப் பிரிப்பதும் அதே நாள் என்று டாக்டர் சொன்னார். முதல் நாள் அவள் தம்பியிடம், "நாளைக்குச் சட்டி எடுக்கிற நாளு. ஊமைக்காரரு ஊருக்குப் போகட்டும், அவருக்கும் அங்கன வேண்டுதல் இருக்கும்" என்றாள்.  நான் அவள் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலுக்குப் போனேன்.

முல்லையாற்றில் முங்கி எழுந்தேன். சட்டியில் நெருப்பு வளர்த்து, வேப்பிலை அணைத்துக் கையில் கொடுத்தார்கள். சுத்தமாக இருந்தவன் கையைச் சட்டி சுடாது என்பார்கள். என் முன்னால் போனவர்கள் பூவைத் தூக்கிப் போகிற மாதிரிப் போனார்கள். எனக்கு ஆற்றங்கரை தாண்டுமுன்பே உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. வேற்றூரில் தங்கியதற்கா, ஆஸ்பத்திரிப் படி மிதித்ததற்கா, சொல்லத் தெரியவில்லை. "என் கையோடு இருக்கட்டும் தாயே, என் கையோடு இருக்கட்டும்" என்று அதையே சொல்லிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து இறக்கினேன். வலது கையில் கொப்புளம் கண்டிருந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை. வீட்டுக்குப் போனேன். என் மகள் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்னடா பிள்ளைய இப்பிடிப் பாக்குற?" என்றாள் அக்கா. சூடு இல்லை.

மறுநாள் மதுரைக்குப் போனேன். இடது கண்ணில் மட்டும் கட்டு இருந்தது. வலது கண்ணைத் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மச்சினன் என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போனான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கண் போய்விட்டது. நான் போய் நின்றேன். இத்தனை நாள் அடக்கிய வாய், இப்போது பேசலாம் என்றாலும் வரவில்லை.

"ஏன் ஊமைக்காரரே, இன்னமும் பேச மாட்டீகளா?" என்றாள்.

"ஒனக்கு... எப்பத் தெரியும்?"

"ரயில்லயே தெரியும். நீக எங்க உக்காந்தாலும் 'முருகா'ன்னு சொல்லிட்டுத்தான உக்காருவீக. அன்னிக்கும் சொன்னீக."

சொன்னேனா? எனக்கே தெரியாது. மச்சினனும் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா எறங்கச் சொல்லணும்ல. எறங்கச் சொல்ல மனசு வரலங்க. ஒரே இருட்டு. நீக எதுக்க இருக்கீகன்னு ஒரு தெம்பு." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். "ஆத்தா கேட்டா, எனக்குத் தெரியாது, அவராத்தான் வந்தாருன்னு சொல்லிரலாம்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாதா என்ன. ஒரு கண்ண எடுத்துக்கிட்டா."

"அப்பிடிச் சொல்லாத. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? சில்லு உள்ள ஏறினதாலதான்னு டாக்டரே சொன்னாரு."

"பிள்ள நல்லாருக்காளா?"

"கோழியத் தொரத்துறா."

"அப்பச் சரி" என்றாள். என் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கொப்புளத்தைத் தொடாமல் அதைச் சுற்றி விரலால் தடவினாள். "சுட்டுச்சா?" என்றாள். "இல்ல" என்றேன். இரண்டு பேரும் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் அவள் ஆயிரங்கண் பானை எடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை. இருக்கிற கண்ணுக்காகவா, போன கண்ணுக்காகவா என்று நான் கேட்டதில்லை. நானும் காப்புக் கட்டுகிறேன். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்த இழுப்பு, குலவைச் சத்தம், "எரிஞ்சாத்தாண்டி எறங்கும்" என்ற குரல், இவை சாமி கும்பிடும்போதுகூட நடுவில் வந்து நிற்கும். அந்த ரயிலும் இப்போது இல்லை. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் மதுரைக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும். அதனால்தான் சொல்கிறேன். வண்டி மோதிக் கண்ணில் கண்ணாடி பட்டால் தண்ணீரும் வேண்டாம், துணியும் வேண்டாம், தீர்த்தமும் வேண்டாம். இரண்டு கண்ணையும் அழுத்தாமல் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சாமியை வழி நெடுகக் கூப்பிடலாம், அவள் கூடவே வருவாள்.

லாரி கவிழ்ந்த அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்ப்பதற்கு அவள் முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

"தொடச்சுப்புட்டாகளா?" என்றாள்.

"இல்ல. கையப் பிடிச்சுட்டேன்."

"நல்லது." முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு, "அன்னிக்கும் யாராச்சும் இப்பிடிச் சட்டுனு பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அது வந்தது அன்றைக்குத்தான். முடிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற எழுந்து போனாள்.